காது மூக்குக்குள் இருக்கும் நாய்: பீகிள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

எங்கள் வீட்டு பீகிளுக்குப் பட்டாணி என்று பெயர். அவள் வந்த மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர் கேன் போட வந்தவருக்காகத் திறந்த கேட்டைச் சாத்த மறந்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் ஆளைக் காணோம். வால்மீகி நகர்த் தெருக்களில் பெயரைக் கூவிக்கொண்டே ஓடினேன். முக்கால் மணி நேரம் கழித்து திருவான்மியூர் குப்பத்து மணலில், கருவாடு காயப்போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் அவளைக் கண்டேன். மூக்கைத் தரையோடு வைத்து, வாலை மட்டும் நட்ட கம்பு மாதிரி நிமிர்த்திக்கொண்டு, அங்குலம் அங்குலமாக முகர்ந்துகொண்டிருந்தாள். பத்தடி தூரத்தில் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கைதட்டினேன். அசையவில்லை. மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த அக்கா ஒருவர் சொன்னார்: “கத்தாத தம்பி. அதுக்குக் காது இப்ப மூக்குக்குள்ள இருக்கு.”

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. சொல்பேச்சு கேட்காத நாயைக் கொண்டுவந்துவிட்டோமே என்று. அந்த அக்கா சொன்னது எவ்வளவு சரி என்பது, இந்த இனத்தைப் பற்றிப் படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. சென்னையில் இப்போது எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனாலும் ஒரு பீகிளைப் பார்க்கலாம். ‘அடங்க மாட்டேங்குது’ என்ற புகாரையும் கூடவே கேட்கலாம். அந்தப் புகார் ஏன் வருகிறது என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

மோப்ப நாய் வேறு, மோப்ப வேட்டைநாய் வேறு

நமக்கு ‘மோப்ப நாய்’ என்றதும் போலீஸ் நாய்தான் நினைவுக்கு வரும். திருட்டு நடந்த வீட்டுக்கு மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது, அது சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை என்று செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருப்போம்! அந்த நாய்கள் பெரும்பாலும் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் வகைகள். லாப்ரடார், சுட்டு விழுந்த பறவையை எடுத்துவந்து கொடுப்பதற்காக உருவான இனம். ஷெப்பர்ட், பெயரே சொல்வதுபோல ஆடு மேய்க்க. அவற்றுக்கு நல்ல மூக்கு இருக்கிறது, பயிற்சியும் கொடுக்கிறார்கள், மோப்பம் பிடிக்கின்றன. ஆக, ‘மோப்ப நாய்’ என்பது தமிழில் ஒரு வேலையின் பெயர்.

ஆங்கிலத்தில் ‘சென்ட் ஹவுண்ட்’ என்பது வேலையின் பெயர் இல்லை, ஒரு வம்சத்தின் பெயர். வாசனையைப் பிடித்துக்கொண்டு தடத்திலேயே போவதற்காக, தலைமுறை தலைமுறையாக அதற்கென்றே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்த வேட்டைநாய்கள் இவை. ஒரு வசதிக்காக மோப்ப வேட்டைநாய் என்று சொல்வோம். ப்ளட்ஹவுண்ட், பாசெட் ஹவுண்ட், ஃபாக்ஸ்ஹவுண்ட், பீகிள் எல்லாம் இந்தக் குடும்பம். உலக நாய்க் கழகக் கூட்டமைப்பு நாய் இனங்களை 10 பிரிவுகளாகப் பிரித்திருக்கிறது. அதில் 6-வது பிரிவு இவர்களுக்கு.

அதே பட்டியலின் 10-வது பிரிவு, பார்வையால் வேட்டையாடும் நாய்களுக்கு. அந்த வகை நாய்களை நமக்கு விளக்கவே வேண்டாம், நம் மண்ணிலேயே இருக்கின்றன. சிப்பிப்பாறையையும் கன்னியையும் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒட்டிய வயிறு, ஆழமான மார்பு, நீண்ட கால், கூர்மையான முகம். முயல் கண்ணில் பட்டதும் அம்பு மாதிரி பாயும். கொஞ்ச தூரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். முயல் கண்ணிலிருந்து மறைந்துவிட்டால் வேட்டையும் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

தென் மாவட்டங்களின் வெட்டவெளிக் கரிசல் காட்டில் அப்படி ஒரு நாய்தான் பயன்படும். ஆனால் பீகிள் பிறந்த இங்கிலாந்து வேறு மாதிரி நிலம். வயலுக்கு வயல் புதர்வேலி, அடர்ந்த புல், பனிமூட்டம். அங்கே கண்ணை நம்பினால் பத்தடி தாண்டாது. முயல் எப்போதோ போன வழியை, முயலைப் பார்க்காமலேயே தொடர்ந்து போகிற நாய் வேண்டியிருந்தது. வேகம் தேவையில்லை, விடாப்பிடிதான் தேவை. சிப்பிப்பாறையையும் பீகிளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், இந்த வேறுபாடு உடம்பிலேயே தெரியும். பீகிள் குட்டையாக, கெட்டியாக, பெட்டி மாதிரி இருக்கும். மூக்குத் துளைகள் அகலம். தலை எப்போதும் தரைப்பக்கம்.

மூக்குக்குள் என்ன நடக்கிறது

வாசனையை உணரும் செல்கள் மனிதனுக்குச் சுமார் 50 முதல் 60 லட்சம். பீகிளுக்கு 22 கோடிக்குமேல் என்று கணக்கிடுகிறார்கள். ப்ளட்ஹவுண்டுக்கு 30 கோடி. இந்த எண்கள் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு வியப்பாக இருப்பது காற்றை அந்த மூக்கு கையாளும் விதம்.

நாம் மூச்சு விடும்போது, உள்ளே இழுத்த வாசனை அதே வழியில் வெளியே போய்விடுகிறது. நாயின் மூக்கை அருகில் பாருங்கள். ஒவ்வொரு துளையின் வெளி ஓரத்திலும் ஒரு கீறல் இருக்கும். முகரும்போது காற்று முன்பக்கமாக உள்ளே போகிறது, அந்த ஓரக் கீறல் வழியாகப் பின்பக்கம் வெளியேறுகிறது. தரையில் இருக்கும் வாசனையை வெளிமூச்சு கலைப்பதில்லை. உள்ளேயும் காற்று இரண்டாகப் பிரிகிறது: பெரும்பகுதி நுரையீரலுக்கு, ஒரு சிறு பகுதி மூக்கின் பின்புறத்தில் வாசனைக்கென்றே இருக்கும் மடிப்பு மடிப்பான அறைக்கு. அங்கே போன வாசனை அடுத்தடுத்த முகரல்களில் சேர்ந்துகொண்டே போகும். ஒரு நொடிக்கு ஐந்து முறை வரை முகர முடியும். மூக்கின் ஈரம் வாசனைத் துகள்களைப் பிடித்து வைக்கிறது.

சரி, தடம் என்றால் என்ன? உயிருள்ள எதுவும் நடந்துபோகும்போது உடம்பிலிருந்து நுண்ணிய தோல் துகள்களை உதிர்த்துக்கொண்டே போகிறது. அவற்றோடு வியர்வையும் பாக்டீரியாவும் இருக்கும். கால் பட்ட இடத்தில் புல் நசுங்கி, மண் கிளறி, அதற்கும் ஒரு வாசனை. இவை நேரம் ஆக ஆக மங்கும். அந்த மங்கலையும் நாய் படிக்கிறது. பயிற்சி பெற்ற நாய்களை வைத்துச் சோதித்தபோது, ஒருவர் வைத்த ஐந்து காலடிகளை முகர்ந்தாலே அவர் எந்தத் திசையில் போனார் என்று சொல்ல முடிந்தது. ஒரு காலடிக்கும் அடுத்த காலடிக்கும் இடையே ஓரிரு நொடிதான். அந்த வித்தியாசம் மூக்குக்குத் தெரிகிறது!

விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பட்டாணியோடு தெருவில் இறங்கினால் எனக்குத் தெரிவது காலித் தெரு. அவளுக்கோ இரவு முழுக்க நடந்தது அங்கே கிடக்கிறது. எதிர்வீட்டுப் பூனை எந்தச் சுவரேறியது, பால் பாக்கெட் எங்கே ஒழுகியது, புதிதாக ஒரு தெருநாய் வந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள். ‘வா வா, எவ்வளவு நேரம்’ என்று இழுத்துக்கொண்டு போவது, படித்துக்கொண்டிருப்பவர் கையிலிருந்து செய்தித்தாளைப் பிடுங்குவது போலத்தான்.

வானிலையும் இதில் பெரிய விஷயம். குளிர்ச்சியும் ஈரமும் வாசனையைத் தரையோடு பிடித்து வைக்கும். மார்கழிக் காலையில் எங்கள் நடை இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். சித்திரை வெயிலில் தார்ச்சாலை கொதிக்கும்போது தரையில் வாசனை தங்காது. பிற்பகலில் கடல்காற்று அடிக்கத் தொடங்கியதும் தரையை விட்டுத் தலையைத் தூக்குவாள். கிழக்கே பார்த்து, மூக்கை ஆட்டி ஆட்டி, காற்றில் வருவதைப் பிடிப்பாள். ஆனாலும் பீகிளின் பலம் தரைத் தடம்தான்.

அமெரிக்காவில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நாய் இனங்களின் நடத்தையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஒரு ஏக்கர் வயலில் ஒரே ஒரு சுண்டெலியை விட்டு நாய்களைத் தேடவிட்டார்கள். நம் சென்னைக் கணக்கில் சொன்னால் 18 கிரவுண்டு நிலம். பீகிள்கள் சுமார் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தன. ஃபாக்ஸ் டெரியர்களுக்குக் கால் மணி நேரம் ஆனது. ஸ்காட்டிஷ் டெரியர்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

மனிதன் பின்னால் வரும் வேட்டை

இங்கிலாந்தில் சிறிய மோப்ப வேட்டைநாய்கள் பல நூற்றாண்டுகளாக இருந்தன. முதலாம் எலிசபெத் அரசி, கைக்கு அடக்கமான குட்டி பீகிள்களை வைத்திருந்தார். இன்று நாம் பார்க்கும் பீகிளுக்கு அடித்தளம், 1830-களில் எசெக்ஸ் பகுதியில் ஃபிலிப் ஹனிவுட் என்ற பாதிரியார் வளர்த்த நாய்க் கூட்டம். டார்வின் 1831 முதல் 1836 வரை உலகைச் சுற்றி வந்த கப்பலின் பெயர் பீகிள் என்பதும் இந்த நாயை வைத்துத்தான்.

நரி வேட்டைக்குக் குதிரையும் உயரமான ஃபாக்ஸ்ஹவுண்டும் வேண்டும். வெள்ளைக்காரர்கள் அந்த நாய்களை ஊட்டிக்கே கொண்டுவந்து, வென்லாக் புல்வெளிகளில் குள்ளநரியைத் துரத்தினார்கள். குதிரை வைத்துக்கொள்ள முடியாதவர்கள், வயதானவர்கள், நடந்தே முயல் வேட்டைக்குப் போனார்கள். அவர்களுக்கான நாய் பீகிள். நடக்கிற மனிதனை ரொம்பவும் பின்னுக்கு விட்டுவிடாத அளவு வேகம், நாள் முழுக்க ஓடினாலும் சோராத உடம்பு.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் வருகிறது. ஆடு மேய்க்கும் நாய் மனிதனின் முகத்தைப் பார்த்து வேலை செய்யும். விசில், கையசைவு, ஒரு சொல். அதற்கேற்ப வலம், இடம் திரும்பும். மோப்ப வேட்டையில் எல்லாம் தலைகீழ். முயல் எந்தப் பக்கம் போனது என்று மனிதனுக்குத் தெரியாது. அதனால் முடிவெடுப்பது நாய். மனிதன் பின்னால் மூச்சிரைக்க ஓடி வருகிறான். தடத்தை விட்டுவிட்டு எஜமான் முகத்தைத் திரும்பிப் பார்க்கிற நாயை யாரும் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டாலும் தடத்தை விடாத நாயைத்தான் வைத்துக்கொண்டார்கள். குப்பத்து மணலில் பட்டாணி செய்தது அதைத்தான். கீழ்ப்படியாமை என்று நான் நினைத்தது, அவள் பாட்டன் பூட்டன் எல்லாம் செய்துவந்த தொழில்.

மற்ற குணங்களையும் இப்படியே புரிந்துகொள்ளலாம். வால் நுனி வெள்ளையாக இருக்கும். உடல் புல்லுக்குள் மறைந்தாலும் அந்த வெள்ளை தெரியும். கூட்டமாக வேட்டையாடிய இனம் என்பதால் மற்ற நாய்களோடு சண்டை பிடிக்காது, மனிதர்களிடமும் குழைந்துவிடும். காவலுக்கு இது ஆகாது. வந்தவரைப் பார்த்துக் குரைத்துவிட்டு அவர் காலடியிலேயே புரளும். தனியாக விட்டால் ஏங்கிப்போகும்.

அப்புறம் அந்தக் குரல். பீகிள் சாதாரணமாகக் குரைக்கும், ஊளையிடும். இவை இரண்டும் சேர்ந்த மூன்றாவது குரல் ஒன்றும் உண்டு: தொண்டையிலிருந்து நீளமாக, கணீரென்று, இழுத்துப் பாடுவது மாதிரி வரும். பின்னால் வரும் வேட்டைக்காரருக்கு ‘தடம் கிடைத்துவிட்டது, இந்தப் பக்கம் வா’ என்று சொல்லும் குரல் அது. அரை மைல் தூரம் கேட்க வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்த குரல், பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கேட்காமல் எப்படி இருக்கும்?

சென்னை வீட்டில் பீகிள்

உயரம் 13 முதல் 16 அங்குலம், எடை பெரும்பாலும் 9 முதல் 14 கிலோவுக்குள், ஆயுள் 12 முதல் 15 வருடம். இந்த அளவைப் பார்த்துத்தான் ஃப்ளாட்டுக்கு ஏற்ற நாய் என்று வாங்குகிறார்கள். உடம்பு ஃப்ளாட்டுக்குள் அடங்கும், மூக்கு அடங்காது. வாங்கும் முன் இதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

வெளியே கயிறு இல்லாமல் விடவே கூடாது. எவ்வளவு பழகிய நாயாக இருந்தாலும், மூக்கில் ஒன்று ஏறிவிட்டால் பேருந்தும் தெரியாது, லாரியும் தெரியாது. கழுத்துப் பட்டையை விட மார்பில் மாட்டும் பட்டை நல்லது. வெயில் ஏறும் முன்பே நடையை முடித்துவிடுங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். நடையில் பாதி நேரமாவது அது முகர விரும்பும் இடத்தில் நிற்க விடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் இரக்கம் காட்டாதீர்கள், இது அனுபவத்தில் சொல்கிறேன். பீகிள் போதும் என்று சொல்லாது. அந்தக் கண்ணைப் பார்த்து வீட்டில் ஆளுக்கு ஒரு வாய் தயிர்சாதம் கொடுத்தால் ஆறே மாதத்தில் உருண்டுவிடும். எடை கூடினால் மூட்டும் முதுகெலும்பும் பாதிக்கப்படும். நம் சமையலில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. ஒன்று வெங்காயம், அதுவும் சின்ன வெங்காயச் சாம்பார். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். இன்னொன்று உலர்ந்த திராட்சை. சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் கிடக்கும் அந்தத் திராட்சை சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கக்கூடும். சாக்லேட்டும் கூடாது. குப்பைத் தொட்டிக்கு மூடி போடுங்கள், முடிந்தால் அந்த மூடியின் மேல் கல்லும் வையுங்கள்.

தொங்கும் காதுக்குள் காற்றுப் போகாது. சென்னைப் புழுக்கத்தில் அங்கே சுலபமாகத் தொற்று வரும். வாரம் ஒருமுறை காதைத் தூக்கிப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். கெட்ட வாடை வந்தாலோ, நாய் தலையை உதறிக்கொண்டே இருந்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். புல்லுக்குள் மூக்கை விடும் நாய் என்பதால் உண்ணி ஏறுவதும் அதிகம். உண்ணிக் காய்ச்சல் உயிரைக் கொண்டுபோகும் நோய். நடைக்குப் பிறகு காது மடல், விரலிடுக்கு, அக்குள் எல்லாம் தடவிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது, எளிய மக்களும் அங்கே காட்டலாம். ரேபீஸ் தடுப்பூசி, மாநகராட்சி உரிமம் இரண்டும் கட்டாயம்.

குட்டியை எங்கே எடுப்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தாய் நாயைக் காட்ட மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். இரண்டு மாதம் நிறைவதற்குள் தாயிடமிருந்து பிரித்த குட்டியை வாங்காதீர்கள். வளர்ந்த பீகிளைத் தத்தெடுக்கவும் யோசித்துப் பாருங்கள். இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சாதுவான குணமும் அடக்கமான உருவமும் இருப்பதால், மருந்து ஆய்வகங்கள் உலகம் முழுக்கச் சோதனைக்கு அதிகம் பயன்படுத்தும் நாய் பீகிள்தான். வலித்தாலும் கடிக்காது என்பதே அதற்கு வினையாகிவிட்டது. 2012-இல் சீனாவிலிருந்து ஓர் ஆய்வகத்துக்காக சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கிய 70 பீகிள்களை விலங்கு நல ஆர்வலர்கள் போராடி மீட்டு, வீடுகளுக்குத் தத்துக் கொடுத்தார்கள். அந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். அதே மூக்கையும் அதே சாது குணத்தையும் வைத்து நல்ல வேலை கொடுத்தவர்களும் உண்டு. அமெரிக்க வேளாண் துறை 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் பீகிள்களை நிறுத்தியது. பயணிகள் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரும் பழம், இறைச்சி, செடிகளை அவை கண்டுபிடித்தன. பெரிய நாயைப் பார்த்தால் பயணிகள் மிரளுவார்கள், பீகிளைப் பார்த்தால் மிரள மாட்டார்கள் என்பதும் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம்.

உங்கள் வீட்டிலும் அந்த மூக்குக்கு ஒரு வேலை கொடுக்கலாம், செலவே இல்லை. குரைப்பதும் செருப்பைக் கடிப்பதும் பாதிக்குமேல் வேலையில்லாத அலுப்பில் வருபவைதான். உப்பு சேர்க்காமல் வேகவைத்த கோழித் துண்டு நான்கைந்து எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம், நாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பழைய துணிக்குள் சுருட்டி வைத்து, ‘தேடு’ என்று சொல்லுங்கள். இரண்டாவது வாரம், நாயை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, கோழித் துண்டுகளை சோபாவுக்கு அடியில், கதவுக்குப் பின்னால் என்று ஒளித்து வையுங்கள். அது தேடும்போது கையால் காட்டிக் கொடுக்காதீர்கள். தவறான பக்கம் போனாலும் பொறுமையாக நில்லுங்கள், தானே வளைந்து வந்து பிடித்துவிடும். பத்து நிமிடம் இப்படித் தேடினால், ஒரு மணி நேரம் ஓடிய மாதிரி அசந்து தூங்கும்.

மூன்றாவது வாரம் அழுக்குத் துணிக் கூடையின் அடியில் வைத்துப் பாருங்கள். முதலில் வால் வேகம் பிடிக்கும், பிறகு உடம்பு முழுக்க நடுங்கும், பிறகு தலையைத் தூக்கி அந்த நீண்ட குரலைக் கொடுக்கும். அப்போது மட்டும் அதட்டாதீர்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள். உங்களைத்தான் கூப்பிடுகிறது.